பீஃப் ஸ்டூ: விலை கொடுத்து நல்ல கறி வாங்கியும் ரப்பராகப் போனது, எங்கே தப்பு?

கொளத்தூர் குடும்பஸ்தன் | ஞாயிறு, மாலை 4.10

காலையிலிருந்து மழை விடவில்லை. இந்த மாதிரி நாளில் ஒரு பெரிய பாத்திரம் நிறைய ஸ்டூ வைத்து, ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுக்கொண்டு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான் என்று ஐந்து பேர். கடைக்குப் போய், “இருக்கிறதிலேயே நல்லதாகக் கொடுங்கள். எலும்பு வேண்டாம், கொழுப்பு வேண்டாம், ஜவ்வு சுத்தமாக வேண்டாம்” என்று சொல்லி, கூடுதல் விலை கொடுத்து ஒரு கிலோ அண்டர்கட் வாங்கிவந்தேன்.

வெங்காயம், இஞ்சி பூண்டு வதக்கி, கறி, உருளைக்கிழங்கு, கேரட், நாலு தக்காளி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, இணையத்தில் ஒரு வெள்ளைக்காரர் சொன்னபடி இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டேன். அடுப்பு நன்றாகப் பெரிதாகவே எரிந்தது. முடிவில் கேரட்டைக் காணவில்லை, உருளை கூழ், சாறு மட்டும் தண்ணீர். கறி நார் நாராகப் பிரிந்து பல்லில் மாட்டிக்கொண்டது. அம்மா பெருந்தன்மையாக, “ரசம் நன்றாக இருக்கிறது” என்றார். சின்னவள் மென்று பார்த்த துண்டுகளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவைத்தாள்.

எங்கே தப்பு?

குக்கர் கட்சி | ஞாயிறு, மாலை 4.25

குக்கர். எட்டு விசில். இந்த விவாத இழையை மூடலாம்.

கொளத்தூர் குடும்பஸ்தன் | ஞாயிறு, மாலை 4.31

இரண்டு மணி நேரத்தில் வேகாததா எட்டு விசிலில் வெந்துவிடும்?

புளியந்தோப்பு பாய் | ஞாயிறு, மாலை 5.50

தம்பி, தப்பு உங்கள் அடுப்பில் இல்லை. கறிக்கடையில் நீங்கள் சொன்ன அந்த வாக்கியத்தில் இருக்கிறது. எங்கள் அத்தா ஆட்டுத்தொட்டி (கசாப்புக்கூடம்) பக்கம் கறிக்கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்தவன் நான். ஜவ்வு வேண்டாம் என்று கேட்டு வாங்குகிறவர் வறுவலுக்கு வாங்குகிறார் என்றுதான் கடைக்காரர் நினைப்பார்.

அண்டர்கட் என்பது முதுகெலும்புக்கு உட்பக்கமாக ஓடும் சதை. மாடு நடந்தாலும் இழுத்தாலும் அந்த இடத்துக்குப் பெரிய வேலை கிடையாது. அதனால்தான் பஞ்சு மாதிரி இருக்கிறது. சூடான தவாவில் ஐந்து நிமிடம் புரட்டி எடுக்க வேண்டிய கறியை நீங்கள் இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டிருக்கிறீர்கள். அதில் இருந்த ஈரமெல்லாம் வெளியே வந்து உங்கள் அம்மாவுக்கு ரசமாகிவிட்டது.

ஸ்டூவுக்கு நன்றாக உழைத்த இடம் வேண்டும். முழங்காலுக்குக் கீழே உள்ள கால் கறி, கழுத்து, முன்னங்கால் தோள்பக்கம். வெட்டும்போது குறுக்கே வெள்ளை வெள்ளையாக ஜவ்வு ஓட வேண்டும். கூடவே இரண்டு நல்லி எலும்பு. அண்டர்கட்டைவிட மலிவு, மட்டன் விலையில் பாதிகூட வராது.

இன்னொன்று, ஸ்டூவுக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சுக்கா அளவுக்குப் பொடிப்பொடியாக வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு விரல் அகலத்துக்குக் குறையாமல் துண்டு இருக்க வேண்டும்.

கொழுப்பையும் பாருங்கள். வெள்ளைவெளேர் என்று இருந்தால் எருமை, மஞ்சள் பாய்ந்திருந்தால் மாடு. இரண்டுமே ஸ்டூவுக்கு ஆகும். எருமை கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்கும், அவ்வளவுதான். போவதற்கு முன் காலண்டரையும் ஒரு தடவை பாருங்கள். திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி இந்த நாள்களில் ஊரில் இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும். பொங்கலுக்கு மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பி வருகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு.

லேப் கோட்டு | ஞாயிறு, இரவு 8.15

பாய் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் உணவுத் தொழில்நுட்பம் பாடம் எடுக்கிறேன், காரணத்தை மட்டும் சேர்த்துவிடுகிறேன்.

ஜவ்வு என்பது பெரும்பாலும் கொலாஜன். கறி 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அது சுருங்கிச் சதையைப் பிழியும், கறி இறுகும். பயந்துபோய் அந்த நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டால் ரப்பர்தான். 70 டிகிரிக்கு மேல் பொறுமையாக வைத்திருந்தால் அதே கொலாஜன் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டின் ஆகும். ஆட்டுக்கால் பாயா குடித்தால் உதடு ஒட்டுகிறதே, அந்தப் பசைதான் இது. நார் பிரிந்த சதைக்கு எண்ணெய் போட்ட மாதிரி மென்மை கொடுப்பதும் இதுவே. அண்டர்கட்டில் கரைவதற்குக் கொலாஜன் அதிகம் கிடையாது. ஆகவே நேரம் போகப் போக வறட்சிதான் மிச்சம்.

வெள்ளைக்காரரின் இரண்டு மணி நேரக் கணக்கு நமக்குப் பொருந்தாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே இறைச்சிக்கென்று வளர்க்கும் மாடு பெரும்பாலும் இரண்டு வயது வாக்கிலேயே கடைக்கு வந்துவிடும். இங்கே 1958-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயதைத் தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் லாயக்கில்லை என்று சான்று கிடைத்தால்தான் பொதுவாக வெட்ட முடியும். வயதாக ஆகக் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று இன்னும் இறுக்கமாகப் பின்னிக்கொள்ளும், கரைய நேரமாகும். நம் தட்டுக்கு வருவது உழைத்து ஓய்ந்த பிராணி. அதற்குத் தனி மரியாதை கொடுத்து வேகவைக்க வேண்டும்.

அதனால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். ஒரு துண்டைக் கரண்டி விளிம்பால் அழுத்துங்கள். அலுங்காமல் இரண்டாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. ‘குக்கர் கட்சி’ சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியைத் தாண்டாது. குக்கருக்குள் அழுத்தத்தால் ஏறக்குறைய 120 வரை போகும். மூன்று மணி நேர வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடியும்.

குக்கர் கட்சி | ஞாயிறு, இரவு 8.20

“குக்கர் கட்சி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.” இதை பிரேம் போட்டு மாட்டப்போகிறேன்.

தாம்பரம் வாடகைக்காரன் | ஞாயிறு, இரவு 9.05

குக்கரில் எனக்கு வேறு ஒரு சௌகரியம். முன்பு இருந்த வீட்டில் ஓனர் மாடியில். மூடி போட்டு வைத்தால் வாசனை ரொம்பப் போகாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு விசில் வரும்போதெல்லாம் மேலே ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தப்பட்ட சத்தம் கேட்டது. மறு மாதமே வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று காரணம் சொல்லிக் காலி பண்ணச் சொன்னார். இப்போது சொந்தமாக ஒரு பிளாட், கடனோடு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஜன்னலை நான்தான் திறந்துவைக்கிறேன்.

நெறியாளர் | திங்கள், காலை 7.30

இதற்குக் கீழே வந்த பதினோரு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். யார் எதைச் சாப்பிடலாம் என்ற சண்டையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஸ்டூ.

லோகோ ஆன்ட்டி | திங்கள், காலை 11.40

அப்பா பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வீடு ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அந்த வீட்டு ஆன்ட்டியிடம்தான் எங்கள் அம்மா ஸ்டூ கற்றுக்கொண்டார், பதிலுக்கு மீன் குழம்பு சொல்லிக்கொடுத்தார். அவர்கள் சர்ச் பூசைக்குக் கிளம்பும் முன் கரியடுப்பில் பாத்திரத்தை ஏற்றி, மூடி மேல் ஒரு தணலையும் வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்து, அரட்டை அடித்து, குழந்தைகளைக் குளிப்பாட்டி முடிக்கும்போது தயாராக இருக்கும். இன்றைக்கு அவ்வளவு நேரம் சிலிண்டர் எரிக்க மனசு வராது. நான் பாதி சட்டி, பாதி குக்கர்.

ஐந்து பேருக்கு ஒரு கிலோ கால் கறி, இரண்டு நல்லி எலும்பு. கழுவியதும் துணியால் ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்துவிடுங்கள். நம் ஆள்கள் எல்லோரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ஈரக் கறி சிவக்காது, அவியும். உப்பு, பொடித்த மிளகு தடவி, அடிகனமான இரும்புச் சட்டியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் ஏழெட்டுத் துண்டு மட்டும் போடுங்கள். தொடாதீர்கள், கிளறாதீர்கள். சட்டி ‘சர்ர்’ என்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சத்தம் ‘குளுகுளு’ என்று மாறினால் நிறையப் போட்டுவிட்டீர்கள், கறி தன் தண்ணீரிலேயே குளித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் கருஞ்சிவப்பானதும் திருப்புங்கள். ஒரு கிலோவுக்கு மூன்று தடவையாவது ஆகும். அலுப்பாகத்தான் இருக்கும். ஸ்டூவின் நிறமும் பாதி ருசியும் இந்த அலுப்பில்தான் இருக்கிறது.

கறியை எடுத்துவிட்டு அதே சட்டியில் மூன்று பெரிய வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு துண்டு பட்டை, நாலு கிராம்பு, பத்து முழு மிளகு, இரண்டு பிரிஞ்சி இலை. வெங்காயம் நிறம் மாறியதும் அரை டம்ளர் தண்ணீர் விட்டு, அடியில் ஒட்டியதை மரக்கரண்டியால் சுரண்டுங்கள். அதை ஒரு பொட்டு விடாமல் குக்கருக்கு மாற்றிவிட வேண்டும்.

குக்கரில் கறி, எலும்பு, மசாலா. தண்ணீர் கறி மூழ்கும் அளவுக்கு வேண்டாம், ஒரு விரல் கீழேயே நிற்கட்டும். குக்கரில் நீர் வற்றாது, கறியும் தண்ணீர் விடும். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து 40 நிமிடம். நான் விசில் எண்ணுவதில்லை. ஒவ்வொரு குக்கரும் ஒவ்வொரு மாதிரி கூவும். ஆவி தானாக அடங்கட்டும். திறந்து, லேப் கோட்டு சார் சொன்ன மாதிரி கரண்டியால் அழுத்திப் பாருங்கள். பிரியவில்லை என்றால் இன்னும் பத்து நிமிடம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம்தான் காய். உருளை, கேரட், நூல்கோல், கொஞ்சம் பீன்ஸ், எல்லாம் பெரிது பெரிதாக. மூடியைப் பூட்டாமல் சிம்மில் இருபது நிமிடம். கடைசியில் புதிதாக இடித்த மிளகு, ஒரு ஸ்பூன் வினிகர், உப்பு சரிபார்த்து இறக்குங்கள். மல்லித்தழை போடாதீர்கள், சல்னா ஆகிவிடும்.

கோட்டயத்து மருமகள் | திங்கள், மதியம் 1.15

ஆன்ட்டி, இதெல்லாம் சரி, ஆனால் தேங்காய்ப்பால் இல்லாமல் ஒரு ஸ்டூவா? நான் பிறந்தது அயனாவரம், வாக்கப்பட்டது கோட்டயம் பக்கம். மாமியார் வீட்டில் கறியைச் சிவக்க விடவே மாட்டார்கள். வெள்ளையாக இருப்பதுதான் அழகு. பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, பட்டை, கிராம்பு, ஏலக்காய் போட்டு இரண்டாம் பாலில் வேகவைத்து, இறக்கும்போது கெட்டி முதல் பால். ஊற்றிய பின் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். தொட்டுக்கொள்ள ஆப்பம்.

லோகோ ஆன்ட்டி | திங்கள், மதியம் 1.40

அது இஷ்டு கண்ணு, நான் சொன்னது ஸ்டூ. நம் மிளகுத் தண்ணி வெள்ளைக்காரர்கள் வாயில் முல்லிகாட்டானி சூப் ஆனது, அவர்களுடைய ஸ்டூ உன் மாமியார் வீட்டில் இஷ்டு ஆனது. கணக்கு நேராகிவிட்டது. ஆப்பம் சுடுகிற அன்றைக்குச் சொல், வருகிறேன்.

காசிமேட்டுக்காரன் | திங்கள், இரவு 10.20

சிரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தால் ஒன்று சொல்கிறேன். வெங்காயம் வதக்கும் முன் எண்ணெயில் நாலு நெத்திலிக் கருவாடு. தலையைக் கிள்ளி, நன்றாகக் கழுவி, பொன்னிறமாக வறுத்து நசுக்கிவிடுங்கள்.

கோட்டயத்து மருமகள் | திங்கள், இரவு 10.26

ஐயோ, மாட்டுக்கறியில் கருவாடா!

காசிமேட்டுக்காரன் | திங்கள், இரவு 10.41

சூப்பர் மார்க்கெட்டில் வூஸ்டர்ஷர் சாஸ் என்று குட்டி பாட்டிலில் விற்கிறார்களே, வெள்ளைக்காரர்கள் ஸ்டூவில் ஊற்றுவது, அதன் லேபிளைப் படித்துப் பாருங்கள். அசல் சாஸ் என்றால் புளியும் நெத்திலி வகை மீனும் அதில் இருக்கும். கப்பல் ஏறிப் போய்த் திரும்பி வந்தால் சாஸ், எங்கள் வீட்டு மாடியில் காய்ந்தால் கருவாடா? மீன் வாசனை தெரியாது, கறி ருசிதான் ஒரு படி ஏறும். உப்பை மட்டும் குறைத்துப் போடுங்கள்.

லேப் கோட்டு | செவ்வாய், காலை 6.50

மறுக்க ஒன்றுமில்லை. இரண்டிலும் ருசியைத் தூக்குவது மீனிலிருந்து வரும் குளுட்டமேட், இனோசினேட் போன்ற பொருள்கள்தான்.

கொளத்தூர் குடும்பஸ்தன் | அடுத்த ஞாயிறு, மாலை 3.30

செய்தாயிற்று. பாய், உங்கள் பேச்சைக் கேட்டு கால் கறி கேட்டேன். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “போன வாரம் ஜவ்வே வேண்டாம்னீங்க?” என்றார். ஞாபகம் வைத்திருக்கிறார்!

ஆன்ட்டி சொன்னபடி மூன்று தடவையாகச் சிவக்கவைத்தேன். இரண்டாவது தடவை அவசரப்பட்டுப் பத்து துண்டு போட்டேன், குளுகுளுத்தது. 40 நிமிடத்தில் குக்கரைத் திறந்தால் கரண்டிக்கு மசியவில்லை. இன்னொரு 15 நிமிடம் வைத்தபின் அப்படியே பிரிந்தது. கொழுப்பு வெள்ளையாகத்தான் இருந்தது, எருமை போலிருக்கிறது. கருவாடும் போட்டேன், வீட்டில் சொல்லவில்லை. இந்த இழையை மனைவி படிப்பதில்லை என்பது நிம்மதி.

இரண்டு குறை. முதலாவது, உருளை. கறி வெந்ததும் மூன்று தக்காளி அரைத்து ஊற்றி அதிலேயே உருளையும் போட்டேன். அரை மணி ஆகியும் நடுவில் நறுக் நறுக்கென்று இருந்தது. இரண்டாவது, சாறு ருசியாக இருந்தாலும் நீர்த்தே இருந்தது. மைதா போட வேண்டுமா?

லேப் கோட்டு | அடுத்த ஞாயிறு, மாலை 4.05

புளிப்பு இருக்கும் இடத்தில் காய் மெதுவாகத்தான் வேகும். காயின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் அமிலத்தில் எளிதில் கரையாது. சாம்பாருக்குக் காயை வேகவைத்த பிறகு புளி கரைத்து ஊற்றுகிறார்களே, ஏன் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறீர்களா? அதே கதைதான். தக்காளி வேண்டும் என்றால் கறியோடு குக்கரிலேயே ஒன்று மட்டும். அல்லது உருளை வெந்த பிறகு.

குக்கர் கட்சி | அடுத்த ஞாயிறு, மாலை 4.20

மைதா விஷயத்தில் என் அனுபவத்தைக் கேளுங்கள். கறியை மைதாவில் புரட்டிச் சிவக்கவைத்துக் குக்கரில் போட்டேன். கெட்டிக் குழம்பு அடியில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டது. விசிலே வரவில்லை, தீய்ந்த வாசனைதான் வந்தது. திறந்த பாத்திரத்தில் வைக்கிறவர்களுக்கு அந்த முறை சரி, நம் கட்சிக்கு ஆகாது.

லோகோ ஆன்ட்டி | அடுத்த ஞாயிறு, மாலை 5.10

மைதாவே தேவையில்லை. வெந்த உருளையில் நாலு துண்டைக் கரண்டியால் குக்கர் ஓரத்திலேயே மசித்துக் கலக்கிவிட்டு, ஐந்து நிமிடம் மூடாமல் கொதிக்கவிடு தம்பி. அப்படியும் அவசரம் என்றால் ஒரு ஸ்பூன் மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் கடைசியில் ஊற்றலாம். மிச்சம் இருக்கிறதா? இருந்தால் நாளைக்குச் சாப்பிட்டுப் பார்.

லேப் கோட்டு | அடுத்த ஞாயிறு, மாலை 5.25

மிச்சம் என்றதும் ஒரு கவலை. ராத்திரி முழுக்க அடுப்பு மேலேயே விட்டுவிட்டு, காலையில் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. சில கிருமிகள் விட்ட நஞ்சு மறுபடி கொதித்தாலும் போகாது. அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆற்றி, உடனே ஃபிரிட்ஜ்.

கொளத்தூர் குடும்பஸ்தன் | திங்கள், இரவு 9.15

காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தால் பாத்திரத்தில் ஸ்டூ ஆடவில்லை. ஜெல்லி மாதிரி கட்டியாக நின்றது. மேலே வெள்ளைத் தகடாகக் கொழுப்பு. அதில் பாதியை ஸ்பூனால் வழித்து எடுத்தேன். சுடவைத்து உருளையை மசித்துவிட்டதும் நேற்று நீர்த்திருந்த சாறு கரண்டியில் ஒட்டுகிற பதத்துக்கு வந்தது. நேற்று நறுக்கென்று இருந்த உருளையும் இன்றைக்கு வெந்துவிட்டது.

பேக்கரியில் பன் வாங்கிவந்தேன். நல்லி எலும்பைத் தட்டி யார் உறிஞ்சுவது என்று பிள்ளைகளுக்குள் சண்டை, கடைசியில் அம்மா வாங்கிக்கொண்டார். சின்னவள் தட்டின் ஓரத்தில் இன்றைக்குப் பிரிஞ்சி இலை மட்டும்தான். அம்மா இரண்டாவது தடவை ஊற்றச் சொல்லிவிட்டு, “இதில் என்னமோ கருவாட்டு ருசி இருக்கே” என்றார்.

மனைவி நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். காசிமேட்டு அண்ணே, உடனே பதில் போடுங்கள்.

காசிமேட்டுக்காரன் | திங்கள், இரவு 9.18

வூஸ்டர்ஷர் சாஸ் என்று சொல்லுங்கள்.